வியர்வை உலராத ஊரில் வேனிற்காலம்

வெயில் தமிழருக்குப் புதிதன்று. வேலூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் பாளையங்கோட்டையிலும் வேனிற்காலத்தில் வெப்பமானி 40 டிகிரி செல்சியசைத் தொடுவது ஆண்டுதோறும் நாம் கேட்டுப் பழகிய செய்தி. அத்தகைய ஊர்களிலிருந்து பிழைப்பை நாடித் திருவனந்தபுரத்துக்கு வந்து சேரும் நம்மவர், நாளிதழில் '33 டிகிரி' என்று காணும்போது, 'இதுவும் ஒரு வெயிலா?' என்று நகைப்பது இயல்பே. மேற்கே கடல், கிழக்கே மலை, எங்கு நோக்கினும் தென்னையும் பலாவும். இத்தகைய ஊரில் வெயிலால் என்ன தீங்கு வந்துவிடும் என்று எண்ணுவதும் இயல்பே. ஆயினும் அந்த எண்ணம் உடலுக்கு ஊறு விளைப்பது; சில வேளைகளில் உயிருக்கே உலை வைப்பது. அது எவ்வாறு என்பதையும், அதிலிருந்து நம்மைக் காத்துக்கொள்ளும் வழிகளையும் இங்கே காண்போம்.

நம் உடலின் உள்வெப்பம் ஏறக்குறைய 37 டிகிரி. நாம் உண்ணும் உணவும் செய்யும் வேலையும் இடைவிடாமல் உடலுக்குள் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. அந்த வெப்பத்தை வெளியேற்றாவிடில் உடல் தாங்காது. குளிர்ந்த காற்று வீசுமானால் தோலின் வழியே வெப்பம் தானாகவே வெளியேறிவிடும். சுற்றுப்புறம் சூடேறிய பின்னரோ உடலுக்கு ஒரே ஒரு வழிதான் எஞ்சுகிறது. அதுவே வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை தோலின்மேல் முற்றிலும் ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை உடலிலிருந்து கவர்ந்து செல்கிறது. இங்கே நாம் மனத்திற் கொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. வியர்ப்பதனால் உடல் குளிர்வதில்லை. வியர்வை உலர்வதனால்தான் குளிர்கிறது. சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வியர்வை, உடலின் நீரையும் உப்பையும் கொண்டுபோகிறதேயன்றி, வெப்பத்தைக் கொண்டுபோவதில்லை.

மண்பானையை எண்ணிப் பாருங்கள். பானையின் நுண்துளைகளின் வழியே கசியும் நீர் வெளிப்புறத்தில் ஆவியாவதால் உள்ளிருக்கும் நீர் தண்ணென்று ஆகிறது. வறண்ட காற்று வீசும் ஊரில் பானைத் தண்ணீர் நன்கு குளிரும். மழைநாளில் அதே பானையின் வெளிப்புறம் ஈரமாகவே இருக்கும். உள்நீர் அத்துணைக் குளிராது. காற்றில் முன்னரே ஈரம் நிறைந்திருப்பதால் கசிந்த நீர் ஆவியாக இடமில்லை. நம் உடலும் அத்தகைய ஒரு மண்பானைதான். திருவனந்தபுரத்தின் கடற்காற்றில் ஈரப்பதம் மிகுதி. கொடியிற் போட்ட துணி உலரத் தாமதமாகும் நாளில் நம் தோலும் உலரத் தாமதமாகும்.

இதை எண்களாலும் விளக்கலாம். காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, உடல் உணரும் வெப்பம் எவ்வளவு என்று கூறும் அளவை ஒன்றை வானிலை அறிஞர் வகுத்துள்ளனர். அதன்படி, 40 டிகிரி வெப்பமும் 25 சதவிகித ஈரப்பதமும் உள்ள வறண்ட ஊரில் உடல் உணரும் வெப்பம் சுமார் 41 டிகிரி. 33 டிகிரி வெப்பமும் 70 சதவிகித ஈரப்பதமும் உள்ள கடற்கரை ஊரிலோ அது சுமார் 43 டிகிரி. வெப்பமானியில் 7 டிகிரி குறைந்திருந்தும், உடல்படும் பாடு குறையவில்லை; சற்றே கூடியிருக்கிறது. அதனாற்றான் இந்திய வானிலை ஆய்வுத் துறையும் இடத்துக்கேற்ப வெவ்வேறு எல்லைகளை வைத்திருக்கிறது. சமவெளியில் 40 டிகிரியை எட்டினால்தான் 'வெப்ப அலை' என்பது ஆராயப்படும். கடற்கரையில் 37 டிகிரியே அதற்குப் போதும். இரண்டிடத்தும் வழக்கமான அளவைவிட நாலரை டிகிரியேனும் கூடியிருக்க வேண்டும் என்பதும் விதி.

அடுத்து, காலக்கணக்கு. தமிழ்நாட்டில் கடும்வெயில் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது அக்கினி நட்சத்திரம். மே மாதத் தொடக்கத்திற் பிறந்து அம்மாதக் கடைசியில் முடியும் கத்தரி வெயிலுக்கு முன்னேற்பாடாகவே நாம் பானை வாங்குகிறோம், பயணங்களை ஒத்திப்போடுகிறோம். திருவனந்தபுரத்திலோ பிப்ரவரி பாதியிலேயே வெப்பம் ஏறத் தொடங்கி, மார்ச், ஏப்ரல் மாதங்களில் உச்சத்தை அடைகிறது. மே மாதத்தில் கோடைமழையும், ஜூன் முதல் நாளை ஒட்டித் தென்மேற்குப் பருவமழையும் வந்து தணிக்கின்றன. கத்தரிக்குக் காத்திருப்பவர் கேரளத்து வெயிலைப் பாதுகாப்பின்றியே கடந்துவிட நேர்கிறது. மாசியிலேயே நாம் விழிப்படைய வேண்டும்.

திருவனந்தபுரம் வானத்தை அளப்பதில் பழமை வாய்ந்த நகரம். சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில், 1837-ஆம் ஆண்டில், இங்கே வானாய்வு நிலையம் அமைக்கப்பட்டது. ஜான் கால்டிகாட் என்ற ஆங்கிலேயர் அதன் முதல் இயக்குநர். அந்நிலையம் எழுந்த குன்றின்மேல்தான் இன்றைய வானிலை மையமும் இருக்கிறது. ஏறக்குறைய எட்டரை டிகிரி வட அட்சரேகையில் இந்நகரம் இருப்பதால், ஏப்ரல் 11, 12 ஆகிய நாட்களை ஒட்டி, சூரியன் நேர் உச்சியில் வந்து நிற்கிறது. அப்போது பகல் 12 மணி 20 நிமிடத்தை அடுத்து, நட்டுவைத்த கோலுக்கும் நிழல் இராது. சென்னையில் இந்நிலை ஏப்ரல் 24-ஐ ஒட்டி வருகிறது. டில்லியில் ஆண்டில் ஒரு நாளும் வருவதில்லை. சித்திரைப் பிறப்பும் விஷுப் பண்டிகையும் வரும் அந்த நாட்களில், நண்பகலில் மர நிழலும் சுவர் நிழலும் சுருங்கிவிடுவதால், வெளியில் நிற்பவருக்கு ஒதுங்க இடமிராது. தோலையும் கண்ணையும் தாக்கும் புற ஊதாக் கதிரும் அப்போது மிகுதி.

இனி, யாருக்கு ஆபத்து மிகுதி என்பதைப் பார்ப்போம். முதலில் நிற்பவர் புதிதாக வந்து சேர்ந்தவர். எத்துணை வலிமையான உடலும் ஒரு புதிய தட்பவெப்பத்துக்குப் பழகுவதற்கு 7 முதல் 14 நாட்கள் ஆகும். அந்நாட்களில் உடல் விரைவில் வியர்க்கக் கற்றுக்கொள்கிறது. வியர்வையில் உப்பைச் சிக்கனமாகச் செலவிடவும் கற்றுக்கொள்கிறது. அதற்கு முன்னரே முழு வேலையையும் மேற்கொண்டால் உடல் திணறுகிறது. வெயிலில் வேலை செய்வோருக்கு நேரும் உயிரிழப்புகளுள் மிகுதியானவை வேலையின் முதல் சில நாட்களிலேயே நேர்கின்றன என்று தொழில்நல அறிஞர் எச்சரிக்கின்றனர். முதல் நாள் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு நாளுக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டுதல் என்பது அவர்கள் கூறும் முறை. பொங்கலுக்கோ திருமணத்துக்கோ ஊருக்குச் சென்று சில வாரங்கள் தங்கித் திரும்புவோரும் புதியவர்களே. பழக்கிய உடல் அதற்குள் பழக்கத்தை இழக்கத் தொடங்கிவிடும்.

கட்டட வேலை, சாலை வேலை, சுமை தூக்குதல், தெருவில் வண்டி தள்ளி விற்றல், வீடு வீடாகப் பொருள் கொண்டு சேர்த்தல் ஆகிய பணிகளில் நம்மவர் பலர் இருக்கின்றனர். அவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1958-ஆம் ஆண்டுக் கேரளக் குறைந்தபட்சக் கூலி விதிகளின்படி, வேனிற்காலத்தில் தொழிலாளர் ஆணையர் வேலை நேரத்தை மாற்றி ஆணை பிறப்பிக்கிறார். வெயிலில் வேலை செய்வோருக்குப் பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வு. காலை 7 முதல் மாலை 7 வரையுள்ள நேரத்துக்குள் 8 மணி நேரமே வேலை. 2025-ஆம் ஆண்டில் இந்த ஆணை பிப்ரவரி 11 முதல் மே 10 வரை நடைமுறையில் இருந்தது. எந்த நாளில் தொடங்குகிறது என்பதை ஒவ்வோர் ஆண்டும் செய்தியில் கேட்டு அறிதல் வேண்டும். அந்த ஓய்வு முதலாளியின் கருணையன்று. சட்டம் தந்த உரிமை. மொழி தெரியாத ஊரில் கூலி குறைந்துவிடுமோ என்றஞ்சி நடுப்பகலிலும் சாரத்தின்மேல் நிற்பவருக்கு இதை எடுத்துச் சொல்வது, விவரம் அறிந்தவரின் கடமை.

வெயிலோடு நெருப்பும் சேரும் நாள் ஒன்று இந்நகரத்தில் உண்டு. கும்ப மாதத்துப் பூர நாளில் நிகழும் ஆற்றுக்கால் பொங்கலையைத்தான் சொல்கிறோம். மதுரையை எரித்த கண்ணகி வழியில் தங்கிய இடம் என்று போற்றப்படும் அக்கோயிலைச் சுற்றி, தெருவெங்கும் செங்கல் அடுப்பு மூட்டிப் பெண்கள் பொங்கலிடுகின்றனர். 2009-இல் 25 லட்சம் பெண்கள் கூடியது உலகச் சாதனையாகப் பதிவாயிற்று. குமரி மாவட்டத்துத் தமிழ்ப் பெண்களும் அதிற் பெருந்திரளாகக் கலந்துகொள்கின்றனர். விரதத்தால் வெறும் வயிறு, அடுப்பின் அனல், புகை, தலைக்கு மேல் வெயில், கூட்டத்தின் நெருக்கம் ஆகிய யாவும் அங்கே ஒன்றுசேர்கின்றன. பக்திக்கு நீர் அருந்துதல் தடையன்று. பொங்கலிடச் செல்வோர் முதல் நாளிலிருந்தே மிகுதியாக நீர் பருகுவதும், பருத்தியாடை உடுத்துவதும், தனித்துச் செல்லாமல் துணையோடு செல்வதும் நல்லது. கருவுற்றோரும் சர்க்கரை நோயும் இதயநோயும் உடையோரும் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

வீட்டுக்குள் இருப்போரும் பாதுகாப்பாக இருக்கிறார்கள் என்று சொல்வதற்கில்லை. முதுமையில் தாகம் என்னும் உணர்ச்சியே மங்கிவிடுகிறது; உடலில் நீர் வற்றினாலும் முதியவர் தண்ணீர் கேட்பதில்லை. கேட்கும் வரை காத்திராமல் நாமே வேளைதோறும் கொடுக்க வேண்டும். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை, மனநோய்க்கான சில மருந்துகள் ஆகியன வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலைக் குறைக்கக்கூடும். அவற்றைத் தாமாகவே நிறுத்துதல் கூடாது. வேனில் தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்டு அளவை அறிந்துகொள்ள வேண்டும். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தண்ணீர் வேண்டா; தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்தலே போதும். நிறுத்திவைத்த காருக்குள் குழந்தையை ஒரு நிமிடமும் தனியே விடுதல் கூடாது. பத்தே நிமிடத்தில் காரின் உள்வெப்பம் 10 டிகிரி ஏறிவிடும்.

வெப்பம் உடலைத் தாக்குவது படிப்படியாக நிகழ்வது. முதலில் வேர்க்குரு, கைகால் தசைகளில் பிடிப்பு. அடுத்து மிகுந்த சோர்வு, தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல்; சிறுநீர் குறைந்து அடர்ந்த மஞ்சள் நிறமாதல். இந்நிலையில் நிழலில் அமர்ந்து, ஆடையைத் தளர்த்தி, நீரும் உப்பும் அருந்தினால் பெரும்பாலும் உடல் தேறிவிடும். இதைப் பொருட்படுத்தாமல் வேலையைத் தொடர்ந்தால் மூன்றாம் படியான வெப்பத்தாக்கு நேர்கிறது. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுகிறது, மூளை தடுமாறுகிறது. பேச்சுக் குழறும், கேட்டதற்கு விடை பொருந்தாது, நடை தள்ளாடும், வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம். வெப்பத்தாக்கில் தோல் வறண்டிருக்கும் என்று நாம் படித்திருக்கிறோம். வீட்டுக்குள் கிடக்கும் முதியவருக்கு அது பொருந்தும். வேலை செய்துகொண்டிருக்கும்போதே தாக்குண்டவருக்கோ வியர்வை வழிந்துகொண்டிருக்கக்கூடும். ஆகவே 'வியர்க்கிறதே, ஒன்றுமில்லை' என்று விட்டுவிடாதீர்கள். பேச்சிலும் அறிவிலும் தடுமாற்றம் கண்டால் அதுவே அடையாளம்.

அப்போது செய்ய வேண்டுவது யாது? ஒருவர் ஆம்புலன்சை அழைக்கட்டும். மற்றவர் அந்த நொடியிலேயே உடலைக் குளிர்விக்கத் தொடங்கட்டும். வண்டி வரட்டும் என்று காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. நிழலுக்குக் கொண்டுசென்று, மேலாடையைக் கழற்றி, தலை முதல் கால் வரை தண்ணீரை ஊற்றி, விடாமல் விசிற வேண்டும். பனிக்கட்டி கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வைக்கலாம். நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். காய்ச்சல் மாத்திரையும் கொடுக்காதீர்கள். இது காய்ச்சலன்று, மாத்திரையால் தணியாது.

வருமுன் காப்பதற்கு முதல் வழி நீர். வெயிலில் வேலை செய்வோர் தாகம் எடுக்கும் வரை காத்திராமல் கால்மணி, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளை அருந்துவது முறை. அளவுக்கு மீறினாலும் தீங்குதான். மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வெறுந்தண்ணீரைக் குடித்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்துவிடும். அதனால் நீரோடு உப்பும் வேண்டும். இதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். உப்பிட்ட நீராகாரம், மோர், கஞ்சி ஆகியன இதற்கெனவே அமைந்தவை போன்றன. இங்கே 'சம்பாரம்' என்று விற்கப்படுவது இஞ்சியும் பச்சைமிளகாயும் தட்டிப்போட்ட நம் நீர்மோரேயாகும். இளநீரும் வெள்ளரியும் தர்ப்பூசணியும் நல்லவை. உணவுவிடுதியில் இளஞ்சிவப்பு நிறத்தில் தரும் வெந்நீரைக் கண்டு புதியவர் தயங்குவதுண்டு. அது பதிமுகப் பட்டையிட்டுக் காய்ச்சிய குடிநீர். வயிற்றுப்போக்கோ மிகுந்த வியர்வையோ இருந்தால், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து பருகலாம். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொண்டே வாந்திபேதியால் வாடிய எண்ணற்றோரின் உயிரைக் காத்தார். கள்ளும் சாராயமும் உடலின் நீரை வற்றச் செய்வன; வெயில் தணிக்கும் என்று அவற்றை நாடுதல் கூடாது. சர்க்கரை நோயாளிகளும் சிறுநீரக நோயாளிகளும் நீருக்கும் உப்புக்கும் மருத்துவர் கூறிய அளவையே கொள்க.

நீரின் அளவைப் போலவே தூய்மையும் கருதத்தக்கது. வேனிலில் கிணறுகள் வற்றும்போது மஞ்சட்காமாலை பரவுவது கேரளத்தில் அடிக்கடி காணும் நிகழ்ச்சி. வழிக்கடைகளில் குளிர்பானத்தில் இடும் பனிக்கட்டி எந்தத் தண்ணீரில் செய்தது என்பது நமக்குத் தெரியாது. கொதிக்கவைத்து ஆறிய நீரே சிறந்தது. கொதித்த நீரில் பச்சைத் தண்ணீரைக் கலந்து ஆற்றுவதோ முழு முயற்சியையும் வீணாக்கும். வெயிலுக்கு இதமாக இருக்குமென்று தேங்கிய குளத்திலும் பாசி படர்ந்த குட்டையிலும் மூழ்கிக் குளிப்பதிலும் இப்போது அபாயம் உண்டு. வெதுவெதுப்பான தேங்குநீரில் வாழும் அமீபா ஒன்று மூக்கின் வழியே மூளையை அடைந்து பெரும்பாலும் உயிரைக் கொண்டுபோகிறது. 2024-இலும் 2025-இலும் கேரளத்தில் இந்நோய் கண்டவர்களுள் திருவனந்தபுரம் மாவட்டத்தாரும் இருந்தனர். வீட்டுக்குழாயில் உடம்புக்கு ஊற்றிக்கொள்ளும் தண்ணீரே போதும்.

இனி, இருப்பிடம். பழைய கேரள வீடு ஓட்டுக்கூரையும் தாழ்ந்த இறவாரமும் உடையது. மேலே வெப்பக்காற்று வெளியேற வழியிருக்கும். 1880-இல் இராபர்ட் சிசம் என்ற கட்டடக் கலைஞர் எழுப்பிய நேப்பியர் அருங்காட்சியகம், இயற்கையாகக் காற்றோடும்படி அமைத்ததற்காகவே புகழ்பெற்றது. வாடகை குறைவென்று நம்மவர் தேர்ந்தெடுக்கும் மொட்டைமாடி அறையும் தகரக் கொட்டகையும் அதற்கு நேர்மாறானவை. பகலெல்லாம் குடித்த வெயிலைக் கான்கிரீட் தளம் இரவில் உமிழ்கிறது. ஏப்ரல் இரவிலும் வெளியில் 25, 26 டிகிரி இருக்கும் ஊர் இது. அறைக்குள் இன்னும் மிகுதி. இரவில் உடல் ஆறாவிட்டால் மறுநாள் வெயிலை அது களைப்போடு எதிர்கொள்கிறது. மாடியின் மேல் தென்னங்கீற்றைப் பரப்புதலோ வெள்ளைச் சுண்ணாம்பு பூசுதலோ வெப்பத்தைக் குறைக்கும். பகலில் வெயில் படும் சன்னலுக்குத் திரையிட்டு, மாலையில் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்துவிட வேண்டும். மின்விசிறி இங்கே நல்ல துணை. அது தோலின் ஈரத்தை ஆற்றுகிறது. தண்ணீரில் நனைந்த தட்டிகளின் வழியே காற்றை இழுக்கும் கூலர் என்னும் சாதனம் மே மாதத்து டில்லியிலும் நாகபுரியிலும் அருமையாக வேலை செய்யும். திருவனந்தபுரத்திலோ அது அறையின் ஈரத்தைக் கூட்டுவதோடு சரி. ஊரில் பயன்பட்டது என்று உறவினர் சொல்லக் கேட்டு, பணம் கொடுத்து வாங்குமுன் இதை எண்ணிப் பாருங்கள்.

இவ்வேறுபாடு மற்ற மாநிலங்களில் வாழும் தமிழருக்கும் பயன்படும். மும்பையும் கொல்கத்தாவும் திருவனந்தபுரத்தைப் போன்று ஈரவெப்பம் உடைய நகரங்கள். அங்கே காற்றோட்டமும் ஓய்வும் முதன்மை. டில்லி, நாகபுரி, ஆமதாபாத் ஆகியன பருவமழைக்கு முன் வறண்ட வெப்பமுடையன. அங்கே வியர்வை தெரியாமலே உலர்ந்துவிடுவதால், உடலின் நீர் வற்றுவதே தெரியாது. தலையையும் காதையும் துணியால் மூடி அனற்காற்றைத் தடுப்பது அங்குள்ள வழக்கம், அது பொருளற்றதன்று. எந்த ஊருக்குச் சென்றாலும் டிகிரியை மட்டும் கேளாமல், ஈரப்பதம் எவ்வளவு என்றும் கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

செய்தியைக் கேட்டாலும் மொழி விளங்க வேண்டுமே! மலையாள வானிலை அறிவிப்பில் வரும் சில சொற்களை அறிந்துவைப்பது நன்று. 'உஷ்ணதரங்கம்' என்பது வெப்ப அலை. 'சூரியாகாதம்' என்பது வெப்பத்தாக்கு. 'சூரியாதபம்' என்பது வெயிலால் தோல் வேதல். 'நிர்ஜலீகரணம்' என்பது உடலின் நீர் வற்றுதல். 'தலகறக்கம்' என்பது தலைச்சுற்றல். 'மஞ்ஞப்பித்தம்' என்பது காமாலை. 'வெள்ளம்' என்றால் நமக்குப் பெருக்கு. இங்கே குடிக்கும் தண்ணீரே வெள்ளம். மயங்கும் நிலையிலும் அந்த ஒரு சொல்லைச் சொன்னால் எந்த வீட்டுக் கதவும் திறக்கும். 2023-ஆம் ஆண்டு வேனிலில் உள்ளாட்சிகள்தோறும் குடிநீர் வழங்க இம்மாநில அரசு அமைத்த நிலையங்களின் பெயரோ 'தண்ணீர்ப்பந்தல்'. அதற்கு அகராதி தேவையில்லை. ஆம்புலன்சுக்கு 108, எந்த ஆபத்துக்கும் 112, மருத்துவ ஆலோசனைக்குக் கேரள அரசின் 'திசா' எண் 1056. இவற்றைக் கைப்பேசியில் மட்டுமன்றி, சுவரிலும் பெரிய எழுத்தில் எழுதிவைப்போம். 1951-இல் தொடங்கிய திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் நகரின் பொது மருத்துவமனையும் எப்பக்கம் என்பதைத் தேவை நேருமுன்னரே தெரிந்துகொள்வோம்.

வெயிலை இயற்கையின் விளையாட்டு என்று விட்டுவிடும் காலம் கடந்துவிட்டது. வெப்ப அலையையும் வெப்பத்தாக்கையும் கேரளம் 2019-இல் மாநிலப் பேரிடராக அறிவித்தது; தமிழ்நாடு வெப்ப அலையை 2024-இல் அவ்வாறு அறிவித்தது. அந்த 2024 ஏப்ரல் இறுதியில் பாலக்காட்டில் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டியது. பசுமைக்குப் பெயர்போன நாட்டிலும் இது நிகழ்கிறது.

இதற்கும் முன்னர், 2010 மே மாதத்தில் ஆமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரியை எட்டியது. முந்திய, பிந்திய ஆண்டுகளின் அதே மாதத்தோடு ஒப்பிட்டுக் கணக்கெடுத்தபோது, அம்மாதம் 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தனர் என்று ஆய்வாளர் கண்டனர். அவ்விறப்புகளுள் பல, வெயிலால் நேர்ந்தவை என்று அந்நேரத்தில் எவரும் எழுதிவைத்தவை அல்ல. மாதம் கழிந்து கணக்கைக் கூட்டிய பின்னரே உண்மை வெளிப்பட்டது. அதன் பின் 2013-இல் அந்நகரம் தெற்காசியாவிலேயே முதலாவதாக ஒரு வெப்பத் தடுப்புத் திட்டத்தை வகுத்தது. முன்கூட்டியே எச்சரித்தல், நீரும் நிழலும் தருதல், மருத்துவரையும் செவிலியரையும் ஆயத்தப்படுத்துதல் ஆகியனவே அதன் உள்ளீடு.

நகரம் செய்யத்தக்கது அது. நாம் செய்யத்தக்கது அதனினும் எளிது. சொந்த ஊரில், ஒருவர் ஒருநாள் திண்ணைக்கு வராவிட்டால் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்ப்பர். வேற்றூரில் தனியறையில் வாழ்பவருக்கு அந்தக் கண் இல்லை. சாலைக் கடைவீதியில் சுமை இறக்குபவரும், கரமனையில் தனியே வாழும் ஓய்வூதியக்காரரும், புதிதாகப் பணியில் சேர்ந்த இளைஞரும் அத்தகையோரே. வெப்ப எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில், காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் இத்தகைய ஒருவரைக் கூப்பிட்டு, 'தண்ணீர் குடித்தீரா? தலை சுற்றுகிறதா?' என்று கேட்போம். விடை தெளிவாக வந்தால் மகிழ்வோம். குழறி வந்தால், அல்லது வராமலே போனால், அக்கணமே புறப்படுவோம். தமிழ்ச் சங்கங்களும் குடியிருப்போர் மன்றங்களும் மாசி பிறந்தவுடன் இத்தகையோரின் பெயர்களைக் குறித்துவைத்துக்கொண்டு, யார் யாரை விசாரிப்பது என்று பங்கிட்டுக்கொள்ளலாம். அதற்குப் பொருட்செலவு இல்லை.